பன்றிக் கொட்டிலில் நோய் தனியாக வருவதில்லை



நம் இதழில் நாட்டு மாடு, ஆடு, கோழி பற்றியெல்லாம் நிறைய எழுதுகிறோம். பன்றி பற்றி எழுத யாரும் முன்வருவதில்லை. வளர்க்கிறவர்கள் நம்மில் குறைவு. வளர்த்தாலும் வெளியே சொல்லக் கொஞ்சம் கூச்சம். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. பேங்க்கில் முப்பத்தி நாலு வருஷம் வேலை பார்த்து மேனேஜராக ரிட்டயர் ஆனவன் பன்றி வளர்க்கிறான் என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் சொல்லிச் சிரித்ததும் என் காதுக்கு வந்தது. போகட்டும்.

கோபிக்குப் பக்கத்தில் எனக்கு நாலு ஏக்கர். வாழை, மஞ்சள், கொஞ்சம் தீவனப்பயிர். 2018-ல் எருவுக்காகத்தான் மூன்று வெண்பன்றிகள் வாங்கினேன். கழிக்கிற வாழைத்தண்டு, தவிடு, மரவள்ளித் திப்பி, அகத்தி, அசோலா எல்லாம் அவற்றுக்குத் தீவனம். அவற்றின் எருவை மக்கவைத்து வாழைக்குப் போட்டேன். தார் எடை கூடியது கண்ணுக்கே தெரிந்தது. ஈன்ற குட்டிகள் நல்ல விலைக்குப் போயின. மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லை. அந்த மூன்று வருஷம்தான் எனக்குத் திமிரைக் கொடுத்தது.

என்ன நடந்தது

2021 ஐப்பசி. என் கொட்டிலில் மூன்று தாய்ப்பன்றிகள், பால் மறந்த குட்டிகள் பதினைந்து. கேரளா வியாபாரிகள் நல்ல விலை கேட்டுக்கொண்டிருந்த நேரம். தைக்குள் எடை ஏற்றி விற்றுவிடலாம் என்று கணக்குப் போட்டு, மூன்று இடங்களில் இருந்து மொத்தம் பதினெட்டுக் குட்டி வாங்கினேன். ஒரு சந்தையில் எட்டு, இரண்டு வியாபாரிகளிடம் ஐந்து ஐந்து. குட்டி 3,500 ரூபாய் வீதம் 63,000 ரூபாய். ஒரே வண்டியில் ஏற்றி வந்து, அன்று சாயங்காலமே என் குட்டிகளோடு ஒரே கொட்டிலில் விட்டேன். தனியாக வைக்க இடமில்லை. இடம் இல்லை என்று இன்று சொல்கிறேன். தேவை என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

தடுப்பூசி? தாய்ப்பன்றிகளுக்கு வாங்கிய இடத்திலேயே போட்டிருந்தார்கள். குட்டிகளுக்கு நான் போடவில்லை. "நம்மது இயற்கையில வளர்றது, இதுக்கு எதுக்கு ஊசி?" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கூட்டங்களிலும் சொல்லியிருக்கிறேன். கேட்ட நண்பர்கள் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து, எங்கள் ஊரில் கூலி வேலைக்குப் போகும் ஒரு அம்மிணிக்கு இரண்டு குட்டிகளை வாரத்துக்குக் கொடுத்தேன். அவர் வளர்க்க வேண்டும், விற்றால் ஆளுக்குப் பாதி. அவர் வீட்டில் ஏற்கனவே ஒரு தாய்ப்பன்றி சினையாக இருந்தது. என் சொந்தக் குட்டிகளில் நல்லதாகப் பார்த்து இரண்டைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் ஆரம்பித்தது. ஒரு குட்டி இருமியது. இரண்டு குட்டிகள் தீவனம் தின்றும் இளைத்து, முடி சிலிர்த்து, தோல் வெளுத்துப்போயின. நாலைந்து குட்டிகள் காய்ச்சலோடு ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்துக் கிடந்தன. சிலதுக்கு முதலில் மலச்சிக்கல், பிறகு கழிச்சல். கண்ணில் பீளை. ஒன்று பின்னங்கால் தள்ளாடி நடந்தது. ஒன்றுக்குக் காது நீலம் பாரித்தது.

மழைக் குளிர் என்றேன். இஞ்சி, பூண்டு, மஞ்சள், வேப்பிலை, கீழாநெல்லி அரைத்து உருண்டை கொடுத்தேன். கொட்டிலில் புகை போட்டேன். ஆறு நாள் இப்படிப் போனது. ஏழாம் நாள் காலையில் நாலு குட்டி செத்துக் கிடந்தன. அன்றைக்குத்தான் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன்.

அவர் ஒரு குட்டியை அறுத்துப் பார்த்தார். தொடை இடுக்கிலும் குடலை ஒட்டியும் நெறிக்கட்டிகள் வீங்கியிருந்தன. மண்ணீரலின் ஓரத்தில் கருஞ்சிவப்புத் திட்டுகள். நுரையீரல் ரப்பர் மாதிரி கெட்டியாக இருந்தது. "பார்த்தா பன்றிக் காய்ச்சல் மாதிரி இருக்குங்க சார். ஆனா இந்த இளைப்பும் நுரையீரலும் அதோட மட்டும் போகல" என்று சொல்லி, மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது இரண்டு பெயர் இருந்தது. பன்றிக் காய்ச்சல் வைரஸ் ஒன்று, பி.சி.வி.2 எனும் சர்க்கோ வைரஸ் இன்னொன்று.

கொட்டிலில் இருந்த முப்பத்தியொரு இளம் பன்றிகளில் பத்தொன்பது போய்விட்டன. அம்மிணி வீட்டில் நான் கொடுத்த இரண்டும் போயின. சினைப்பன்றி கருக்கலைந்து, பிறகு அதுவும் போனது. ஆழக் குழி எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க நான் போயிருந்தேன். அவர் அழவில்லை. "மேனேஜருங்க, என்ற பன்னி நல்லாத்தானுங்களே இருந்துச்சு? நீங்க குடுத்த குட்டி வந்தப்புறம்தானுங்களே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகிறது

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். மருத்துவரிடமும் திரும்பத் திரும்பக் கேட்டேன். புரிந்துகொண்டதை நம் பாஷையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 2009-ல் உலகம் முழுக்க மனிதர்களுக்குப் பரவிய எச்1என்1 காய்ச்சலையும் பன்றிக் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். அது வேறு. நான் சொல்வது பன்றிகளை மட்டும் தாக்கும் பழைய நோய். இதுவும், சர்க்கோ வைரஸும், கீழே சொல்லப்போகும் பி.ஆர்.ஆர்.எஸ்., ஆப்பிரிக்கன் பன்றிக் காய்ச்சலும் மனிதருக்கு வருவதில்லை. அக்கம்பக்கத்தார் பயந்தால் இதைச் சொல்லுங்கள்.

பாலூட்டிகளைத் தாக்கும் வைரஸ்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று சர்க்கோ வைரஸ். 1990-களில் கனடாவில், பால் மறந்த குட்டிகள் காரணம் தெரியாமல் இளைத்து இளைத்துச் சாவதைக் கவனித்தார்கள். தேடிப்போனதில் பி.சி.வி.2 அகப்பட்டது. ஆனால் ஒரு சிக்கல். இதே வைரஸ் நன்றாகத் தின்று கொழுத்த பன்றிகளிடமும் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் இதை மட்டும் கொடுத்த குட்டிகள் பலவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. கூடவே பன்றிப் பார்வோ வைரஸையும் கொடுத்தபோது இளைப்பு நோய் முழுசாக வந்தது. பெரும்பாலான நேரம் சர்க்கோ வைரஸ் துணைக்கு இன்னொன்று இருந்தால்தான் முழு வேகம் காட்டுகிறது.

ஏன் அப்படி? தோட்டத்துக் காவல் நாய்க்கு விஷம் வைத்துவிட்டு உள்ளே வரும் திருடனைப் போல இது. உடம்பின் காவலாளிகளான வெள்ளை அணுக்களும் நெறிக்கட்டிகளும்தான் இதன் இலக்கு. பன்றிக் காய்ச்சல் வைரஸும் வெள்ளை அணுக்களைக் குறைக்கிறது. பி.ஆர்.ஆர்.எஸ். என்று இன்னொன்று உண்டு. 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் தெரியவந்தது, 2013-ல் மிசோரம் வழியாக இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அது நுரையீரலில் கிருமியைத் தின்று தீர்க்கிற காவல் செல்லுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கிறது. நாய் செத்த பிறகு வருகிற இரண்டாவது திருடனுக்குத் திறமையே தேவையில்லை. கதவு திறந்து கிடக்கிறது. பிறகு சாதாரண நாளில் மூக்கில் சும்மா இருக்கிற பாக்டீரியாக்கள்கூட நுரையீரலுக்கு இறங்கிவிடும்.

பேங்க் கணக்கில் சொன்னால் எனக்கு இன்னும் எளிதாக விளங்குகிறது. எங்களிடம் பயிர்க்கடன் மட்டும் வாங்கியவர் ஒரு வருஷம் விளையாவிட்டாலும் அடுத்த வருஷம் கட்டிவிடுவார். அவரே நகையை ஓரிடத்தில் அடகு வைத்து, குழுவில் கடன் எடுத்து, கந்துவட்டிக்கும் வாங்கியிருந்தால்? ஒவ்வொன்றும் தனியாகத் தாங்கக்கூடிய தொகைதான். எல்லாம் ஒரே மாசத்தில் கழுத்தைப் பிடிக்கும்போதுதான் ஆள் விழுகிறார். எங்கள் புத்தகத்தில் மட்டும் பார்த்தால் "சின்னக் கடன்தானே, ஏன் கட்டவில்லை?" என்று தோன்றும். நோயிலும் ஒரு பெயரை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஏமாறுவோம்.

இதில் உழவனுக்கு ஒரு அடையாளம் இருக்கிறது. ஒரே கொட்டிலில் ஒன்று இருமுகிறது, ஒன்று இளைக்கிறது, ஒன்று கழிகிறது, ஒன்று தள்ளாடுகிறது என்று ஆளுக்கொரு விதமாக நோய் காட்டினால், உள்ளே வந்தது ஒன்றல்ல என்று சந்தேகப்படுங்கள். கண்ணால் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள், மாதிரி ஆய்வுக்குப் போகட்டும்.

ஊசியும் மூலிகையும்

இந்த இடத்தில் நம் தோழர்களோடு கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டும்.

நான் மூலிகைக்கு எதிரி இல்லை. கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசி என் மாட்டுக்கே மடிவீக்கம் வடிந்ததைப் பார்த்திருக்கிறேன். செரிமானத்துக்கு, புண்ணுக்கு, ஈ கொசுவுக்கு இன்றும் மூலிகைதான். ஆனால் பன்றிக் காய்ச்சல் வைரஸை அழிக்கும் உருண்டை எதுவும் கிடையாது. ஆங்கில மருந்திலும் கிடையாது. மருத்துவர் போட்ட ஆன்டிபயாடிக் பின்னால் வந்த பாக்டீரியாவுக்குத்தான், வைரஸுக்கு இல்லை. வந்த பிறகு மருந்தில்லாத நோய்க்கு, வருமுன் காப்பது மட்டும்தான் வழி.

தடுப்பூசி பூச்சிமருந்து போல விஷம் அல்ல. உடம்பின் சொந்தக் காவலுக்குக் கொடுக்கிற பயிற்சி. இயற்கை வேளாண்மைச் சான்றளிப்பு விதிகளும் தேவையான தடுப்பூசியை அனுமதிக்கின்றன. முன்பெல்லாம் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியை முயலின் மண்ணீரலில் இருந்து தயாரித்ததால் தேவைக்கு மிகக் குறைவாகவே கிடைத்தது. இஸத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, முயலைக் கொல்லாத செல் வளர்ப்புத் தடுப்பூசி 2020-ல் வெளியானது. உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சர்க்கோ வைரஸோ பி.ஆர்.ஆர்.எஸ்.ஸோ ஏற்கனவே பிடித்திருக்கிற குட்டிக்குப் போட்டால் பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியின் பலன் குறையக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காவலாளியே படுத்துக் கிடக்கும்போது பயிற்சி யாருக்கு? குட்டி நன்றாக இருக்கும்போதே, மருத்துவர் சொல்லும் வயதில் போட்டுவிட வேண்டும். நோய் வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை.

நம் கையில் இருப்பது

இனி சொல்லப்போவது நம் வழிக்கு நெருக்கமானது. சர்க்கோ வைரஸுக்குத் தடுப்பூசி வருவதற்கு முன்பு, பிரான்ஸ் நாட்டில் மடெக் என்ற ஆராய்ச்சியாளர் இளைப்பு நோய் பிடித்த பண்ணைகளுக்கு இருபது அம்சத் திட்டம் ஒன்றைக் கொடுத்தார். அதில் புது மருந்து ஒன்றும் இல்லை. நெருக்கிப் போடாதே, வேறு வேறு வயதுக் குட்டிகளைக் கலக்காதே, ஒரு தொகுதி போன பிறகு கழுவிக் காயவிடு, தீவனத் தொட்டியில் இடம் கொடு, காற்றையும் சூட்டையும் கவனி, நோயுற்றதைச் சீக்கிரம் பிரி. இப்படிப்பட்ட பராமரிப்பு விதிகள்தான். அவற்றை ஒழுங்காகக் கடைப்பிடித்த பண்ணைகளில் சாவு குறைந்தது. வைரஸ் ஒழியவில்லை, ஆனால் அதன் கூட்டாளிகளும் நெருக்கடியும் குறைந்ததால் குட்டிகள் தாங்கிக்கொண்டன.

2022-ல் மறுபடி ஆரம்பித்தபோது நான் வைத்துக்கொண்ட விதிகள் இவை:

1. குட்டி வாங்கினால் ஒரே இடத்தில், தடுப்பூசி போட்ட விவரத்தோடு. மூன்று இடத்துக் குட்டி என்றால் மூன்று இடத்து நோய்.

2. புதிதாக வந்தது முப்பது நாள் தனிக் கொட்டிலில். அங்கே தனிச் செருப்பு, தனி வாளி. வேலையை எப்போதும் இளங்குட்டியில் ஆரம்பித்து, புதுசிலும் நோயுற்றதிலும் முடிக்க வேண்டும். என் தனிக் கொட்டில் வாழைத் தோப்பின் மறுகோடியில் தென்னை ஓலை வேய்ந்தது. செலவு நான் இழந்த ஒரு குட்டியின் விலையைத் தாண்டவில்லை.

3. ஒன்றாக உள்ளே, ஒன்றாக வெளியே. ஒரு தொகுதி விற்றால் கொட்டில் காலி. கழுவி, உலர்த்தி, வெயில் பட விட்டு, பிறகுதான் அடுத்தது. சோப்பும் சலவை சோடாவும் பன்றிக் காய்ச்சல், பி.ஆர்.ஆர்.எஸ். போன்ற கொழுப்பு உறை கொண்ட வைரஸ்களுக்கு வேலை செய்யும். சர்க்கோவுக்கும் பார்வோவுக்கும் அந்த உறை கிடையாது, அவை லேசில் சாகாது. அதனால் முதலில் சாணத்தைச் சுரண்டி எடுப்பதில்தான் பாதி வேலை. கிருமிநாசினியை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள்.

4. பிறந்த குட்டி முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தே ஆக வேண்டும். சின்னக் குட்டியைக் கையில் பிடித்து மடியில் விடுங்கள். ஒரு தாயின் குட்டியை இன்னொரு தாயிடம் மாற்றுவதை மிகவும் அவசியமானால் மட்டும், முதல் நாளிலேயே செய்யுங்கள்.

5. ஒரே ஊசி, ஒரே பிளேடு எல்லாக் குட்டிக்கும் கூடாது. ரத்தத்தோடு வைரஸையும் நாமே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

6. ஓட்டல் மிச்சம், கல்யாண வீட்டு மிச்சம் கொடுப்பவர்கள் அரை மணி நேரம் கிளறிக் கொதிக்கவிட்டே கொடுக்க வேண்டும். அதில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று இருந்தால் போதும். நான் ஓட்டல் மிச்சத்தையே விட்டுவிட்டேன்.

7. வியாபாரியின் வண்டி வாசலோடு நிற்கட்டும். ஊரூராகக் கொட்டில் ஏறி வந்த காலோடு உள்ளே விடாதீர்கள். பன்றியை நாமே வெளியே ஓட்டிவந்து எடை போட்டுக் கொடுக்கலாம்.

கடைசி இரண்டு விதிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆப்பிரிக்கன் பன்றிக் காய்ச்சல் 2020-ல் அசாம், அருணாசலப் பிரதேசம் வழியாக நம் நாட்டுக்குள் வந்தது. 2022-ல் வயநாட்டில் தெரிந்தது. 2023 ஜனவரியில் முதுமலையில் இறந்த காட்டுப்பன்றிகளிடமும் உறுதியானது. கொல்வதற்கு அதற்குக் கூட்டாளியே வேண்டாம். வெளிப்பார்வைக்குப் பழைய பன்றிக் காய்ச்சல் போலவே இருக்கும், ஆய்வில்தான் பிரித்துச் சொல்ல முடியும். எங்கள் பக்கம் காட்டுப்பன்றி வாழைக்குள் வராத ராத்திரி குறைவு. அதனால் கொட்டிலைச் சுற்றி வேலி போட்டுவிட்டேன். திடீரென்று சாவு வந்தால் மறைக்காமல், விற்காமல், அன்றைக்கே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். நோயுற்றதை மலிவு விலைக்குத் தள்ளிவிடுவது பக்கத்து உழவனின் கொட்டிலுக்குத் தீ வைப்பது போல.

நானும் ஒருவகையில் அதைத்தான் செய்தேன், தெரியாமல். பேங்க்கில் இருந்தபோது ஒருவர் கடன் கட்டத் தவறினால் ஜாமீன் போட்டவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்போம். அம்மிணியின் நஷ்டத்துக்கு ஜாமீன் நான்தான் என்று முடிவு செய்தேன். செத்த சினைப்பன்றிக்குப் பணமாகக் கொடுத்தேன். முதலில் வாங்க மறுத்தார், பிறகு அவர் மகன் பேசி வாங்கவைத்தான்.

2023-ல் என் கொட்டிலில் பிறந்து, பால் மறந்து, ஊசி போட்டு நல்லபடியாக இருந்த இரண்டு பெட்டைக் குட்டிகளை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். இந்தத் தடவை வாரம் இல்லை, சும்மா. கயிற்றைக் கையில் வாங்குவதற்கு முன்னால் கேட்டார்: "ஊசி போட்ட சீட்டு இருக்குங்களா?"

எடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகனைக் கூப்பிட்டுத் தேதியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சீட்டை மடித்து ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்தார். பிறகு குட்டிகளைப் பழைய கொட்டிலுக்கு விடாமல், வேப்பமரத்தடியில் தனியாகக் கட்டியிருந்த புதுப் பட்டிக்கு ஓட்டிப் போனார். "ஒரு மாசம் இங்கதானுங்க" என்றார்.

குட்டி வாங்கப்போகும் நண்பர்கள் அந்த அம்மிணி கேட்டதைக் கேளுங்கள். விற்கப்போகும் நண்பர்கள் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.